ப்ளூஸ் கலைஞர்களும் அவர்கள் விட்டுச் சென்ற இசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பாட்டை ப்ளூஸ் என்று எப்படி அடையாளம் காண்பது?

சோகமான பாட்டெல்லாம் ப்ளூஸ் ஆகிவிடாது. ப்ளூஸ் பாட்டெல்லாம் சோகமாக இருப்பதும் இல்லை. கேலி, காமம், வம்பு, ரயில், வெள்ளம், கையில் காசில்லாத சனிக்கிழமை என எதை வேண்டுமானாலும் பாடிய இசை அது. அதை அடையாளம் காட்டுவது முதலில் அதன் கட்டமைப்பே. மிகவும் பழகிப்போன வடிவத்தில் ஒரு சரணம் பன்னிரண்டு அளவுகள் கொண்டது. ஒவ்வோர் அளவுக்கும் நான்கு தட்டு. பாடகர் ஓர் அடியைப் பாடி, அதையே ஏறக்குறைய மாற்றமில்லாமல் மறுபடியும் பாடி, மூன்றாம் அடியில் அதற்கு ஒரு பதிலையோ குத்தலையோ வைப்பார். ஒவ்வோர் அடியும் முடிந்தபின் மிஞ்சும் இடைவெளியில் கிட்டாரோ பியானோவோ அவருக்கு மறுமொழி சொல்லும். நம் சுரப் பெயர்களைக் கொண்டு விளக்குவதென்றால், பின்னணிச் சுரக்கூட்டு முதல் நான்கு அளவுகளில் சட்ஜமத்தை ஆதாரமாகக் கொண்டு நிற்கும். அடுத்த இரண்டில் மத்திமத்துக்குப் போகும். இரண்டு அளவுகளுக்குச் சட்ஜமத்துக்குத் திரும்பும். பிறகு பஞ்சமத்தில் ஒன்று, மத்திமத்தில் ஒன்று என நின்று, கடைசி இரண்டில் சட்ஜமத்தில் வந்து அமரும்.

இந்தக் கணக்கைவிட முக்கியமானது ‘ப்ளூ நோட்’ என்று இசைக்காரர்கள் சொல்லும் சுரம். அது பியானோவின் கட்டைகளுக்கு நடுவே விழுவது: சாதாரண காந்தாரமும் அல்ல, அந்தர காந்தாரமும் அல்ல, இரண்டுக்கும் இடையில் அசையும் ஒரு காந்தாரம். நிஷாதத்துக்கும் இதே கதைதான். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது அபசுவரமாகப் படாது. பன்னிரண்டு அளவு என்பதும் மீறக்கூடாத சட்டம் அல்ல. தனியாக வாசித்த பழைய பாடகர்கள் மூச்சும் மனமும் போன போக்கில் சரணத்தை நீட்டியும் குறுக்கியும் பாடினார்கள். ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கர் பல பாட்டுகளில் சுரக்கூட்டை மாற்றவே இல்லை.

இந்த இசை எங்கே தோன்றியது?

ஒரே இடத்தையும் ஒரே ஆளையும் சுட்ட முடியாது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில், அடிமைமுறை ஒழிந்த பிறகு பிறந்த முதல் இரண்டு தலைமுறைக் கறுப்பின மக்களிடையே, வயல்வேலைக் கூப்பாடுகளிலிருந்தும் தேவாலயப் பாட்டுகளிலிருந்தும் ஊர்ப்புற ஆட்டப்பாட்டுகளிலிருந்தும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திரண்டு வந்த இசை இது. ஆனாலும் மிசிசிப்பி டெல்டாவுக்கு அதில் தனி இடம் உண்டு. டெல்டா என்றதும் காவிரி டெல்டாவைப் போலக் கடலோரக் கழிமுகம் என்று நினைக்க வேண்டாம். இது கடலிலிருந்து வெகு தொலைவில், மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கில், மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடைப்பட்ட வண்டல் சமவெளி. பருத்தி அங்கே தங்கம். அதை விளைவித்தவர்கள் பெரும்பாலும் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிரிட்ட கறுப்பின விவசாயிகள்; அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால், பண்ணைக்கடையில் வாங்கிய கடன் போகக் கையில் நிற்பது பெரும்பாலும் ஒன்றுமில்லை. வயலை விட்டு வெளியேற ஆண்மகனுக்கு இருந்த சில வழிகளில் கிட்டாரும் ஒன்று.

1903 வாக்கில் டட்வைலர் என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தில், டபிள்யூ. சி. ஹேண்டி என்ற இசைக்குழுத் தலைவர் வண்டிக்குக் காத்திருந்து கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது பக்கத்தில் கந்தல் உடுத்த ஒருவர் கிட்டாரின் தந்திகள்மேல் கத்தியை அழுத்தி இழைத்தபடி, இரண்டு ரயில்பாதைகள் குறுக்கிடும் இடத்துக்குப் போவதாக ஒரே அடியை மூன்று முறை பாடிக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்த மாதிரி இசையை எழுத்தில் பதிந்து, 1912-இல் ‘மெம்ஃபிஸ் ப்ளூஸ்’, 1914-இல் ‘செயின்ட் லூயி ப்ளூஸ்’ என வெளியிட்ட ஹேண்டிதான் ‘ப்ளூஸின் தந்தை’ என்று பெயர் பெற்றார். இந்த இசையின் வரலாறு நெடுக இந்த ஏற்பாடு திரும்பத் திரும்ப வரும்: பாடியவர் ஒருவர், பெயரும் பணமும் பெற்றவர் இன்னொருவர். ஹேண்டி மோசடிக்காரர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தான் கேட்டது பெயர் தெரியாத அந்தப் பாடகரிடமிருந்து என்பதைத் தன் வரலாற்றில் அவரே எழுதிவைத்தார்.

இசைத்தட்டில் முதலில் ப்ளூஸ் பாடியவர்கள் ஆண்களா, பெண்களா?

பெண்கள்தான். கிட்டார் ஏந்திய தனி ஆண் என்ற பிம்பம் இன்று வேரூன்றிப்போனதால் இது பலருக்கு வியப்பாக இருக்கும். 1920 ஆகஸ்ட் 10 அன்று நியூயார்க்கில் மேமி ஸ்மித் ‘கிரேஸி ப்ளூஸ்’ பாட்டை ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடினார். அது எதிர்பாராத அளவுக்கு விற்ற பிறகே, கறுப்பின மக்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்பது நிறுவனங்களுக்கு உறைத்தது. அடுத்த சில ஆண்டுகள் பெண் பாடகர்களின் காலம். கூடார நாடகக் குழுக்களில் நெடுங்காலம் பாடி ஊறிய மா ரெய்னியும், சட்டனூகா நகரத் தெருக்களில் சிறுமியாகப் பாடிப் பிழைத்துப் பின்னர் மா ரெய்னி இருந்த குழுவிலேயே சேர்ந்த பெஸ்ஸி ஸ்மித்தும் 1923-இல் இசைத்தட்டுக்கு வந்தார்கள். ஒலிவாங்கி இல்லாமலே கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டும் குரல் பெஸ்ஸியுடையது. 1925-இல் அவர் பாடிய ‘செயின்ட் லூயி ப்ளூஸ்’ பதிவில், அவர் விடும் ஒவ்வோர் இடைவெளியிலும் ஜாஸ் கலைஞரான இளம் லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் என்ற ஊதுகருவியில் பதில் சொல்வதைக் கேட்டால், ப்ளூஸும் ஜாஸும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பது விளக்கமில்லாமலே புரியும்.

வெள்ளையர் மருத்துவமனை சேர்த்துக்கொள்ள மறுத்ததால்தான் பெஸ்ஸி ஸ்மித் இறந்தாரா?

இல்லை. 1937 செப்டம்பர் 26 அதிகாலையில், மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் நகருக்கு அருகே 61-ஆம் நெடுஞ்சாலையில் அவருடைய கார் ஒரு லாரியின் பின்புறத்தில் மோதியது. வலக்கை ஏறக்குறைய துண்டாகிவிட்டது. அவரை நேராகக் கிளார்க்ஸ்டேலில் இருந்த கறுப்பினத்தவர் மருத்துவமனைக்கே கொண்டுசென்றார்கள், அங்கே இறந்தார். மறுத்தார்கள் என்ற கதை சில வாரங்களுக்குள் ஓர் இசை இதழில் வந்து, பின்னர் நாடகமாகவும் நிலைத்துவிட்டது. அக்காலத் தென்மாநிலங்களில் அப்படி நடந்திருக்கவே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது என்பதால்தான் கதை இவ்வளவு எளிதாக நம்பப்பட்டது. மெய்யாக நடந்த அவமானம் வேறு: பல்லாயிரம் பேர் திரண்டு வழியனுப்பிய அந்தப் பாடகரின் கல்லறைக்கு 1970 வரை ஒரு பெயர்க்கல் இல்லை. அந்த ஆண்டு கல் வைக்கச் செலவைப் பகிர்ந்துகொண்டவர்களில் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்லின் ஒருவர். மற்றவர், சிறுவயதில் பெஸ்ஸியின் வீட்டில் வேலை பார்த்த ஒரு பெண்மணி.

சார்லி பேட்டன் ஏன் டெல்டா ப்ளூஸின் மூலவராகக் கருதப்படுகிறார்?

அவரிடம் கற்றவர்களின் பட்டியல்தான் காரணம். டாக்கரி என்ற பெரிய பருத்திப் பண்ணையில் வளர்ந்தவர் பேட்டன். அவருக்கு முன்னோடி அதே பண்ணையில் இருந்த ஹென்றி ஸ்லோன் என்பவர். பேட்டன் கிட்டாரைத் தலைக்குப் பின்னால் வைத்தும் முழங்கால்களுக்கு இடையே இடுக்கியும் வாசித்துக் கூட்டத்தைக் கட்டிப்போடுவார். குரலோ உருவத்துக்குப் பொருந்தாத கரடுமுரடான பெருங்குரல். கிட்டாரின் உடலையே பறையாகத் தட்டித் தாளத்தின்மேல் தாளம் ஏற்றுவது அவருடைய கைவரிசை. சன் ஹவுஸும் வில்லி பிரவுனும் அவருடன் சேர்ந்து வாசித்தார்கள். ஹவ்லின் உல்ஃப் அவரிடமே கிட்டார் பழகினார். சன் ஹவுஸைப் பார்த்துப் பார்த்து ராபர்ட் ஜான்சனும் மடி வாட்டர்ஸும் கற்றார்கள். ஓர் இசைப் பரம்பரையின் கிளைகள் இவ்வளவு தெளிவாகத் தெரிவது அரிது. குரு, சீடர் என்ற பெயர்கள் அங்கே இல்லையே தவிர, முறை கிட்டத்தட்ட அதுதான்.

1929-இல் பேட்டனின் பாட்டுகளைப் பதிந்த பாரமவுண்ட் நிறுவனம், விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்த ஒரு நிறுவனத்தின் கிளை என்பது இந்த வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. அவர்கள் இசைத்தட்டுப் பெட்டிகளுக்கு மரக்கூடு செய்தார்கள். பெட்டி விற்க வேண்டுமானால் தட்டும் விற்க வேண்டும் என்று தட்டு போட்டார்கள். மலிவான கலவையில் வார்த்த அந்தத் தட்டுகள் புதிதாக வாங்கியபோதே இரைந்தன. பெரும் பொருளாதார மந்தத்தில் நிறுவனம் மூடப்பட்டது. மூலத் தட்டுகளைப் பாதுகாக்க யாரும் கவலைப்படவில்லை. இன்று நாம் கேட்பதெல்லாம் யார் வீட்டுப் பரணிலோ தப்பிக் கிடந்த தேய்ந்த பிரதிகளிலிருந்து எடுத்தவை. 1927-இல் மிசிசிப்பி ஆறு கரையுடைத்துப் பாய்ந்ததைப் பேட்டன் இரண்டு பகுதிகளாகப் பாடிய ‘ஹை வாட்டர் எவ்ரிவேர்’ அப்படித் தப்பியது. அதில் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எங்கே போகலாம் என்று தேடி, எங்கும் இடமில்லை என்று அவர் முடிக்கும்போது, இரைச்சல் நம் காதில் விழுவதே நின்றுவிடுகிறது.

ராபர்ட் ஜான்சன் நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றதாகச் சொல்கிறார்களே?

இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். விடை, இல்லை என்பது மட்டும் அல்ல. அந்தக் கதை வேறொருவருடையது. டாமி ஜான்சன் என்ற, உறவில்லாத இன்னொரு மிசிசிப்பிப் பாடகர் நள்ளிரவில் நாற்சந்தியில் கரிய உருவம் ஒன்றிடம் கிட்டாரைக் கொடுத்துச் சுருதி கூட்டி வாங்கியதாக அவருடைய அண்ணன் பிற்காலத்தில் சொன்னார். நாற்சந்தியில் ஆவியோடு பேரம் பேசலாம் என்ற நம்பிக்கை அந்த மக்களிடம் பழையது. முச்சந்தியில் கழிப்புக் கழிக்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதுமையும் அல்ல. டாமியின் கதை, பெயர்ப் பொருத்தத்தாலும் பழைய ப்ளூஸ்மேல் 1960-களில் எழுந்த ஆர்வத்தாலும், ராபர்ட்டின் தலையில் வந்து இறங்கியது.

நடந்தது என்னவென்றால், ராபின்சன்வில் ஊரில் சன் ஹவுஸும் வில்லி பிரவுனும் இடைவேளை விடும்போது, மவுத் ஆர்கன் மட்டுமே உருப்படியாக வாசிக்கத் தெரிந்த அந்த இளைஞர் அவர்களுடைய கிட்டாரை எடுத்து வாசித்துக் கூட்டத்தை எரிச்சலூட்டுவார். பிறகு ஊரைவிட்டுப் போனார். திரும்பி வந்து வாசித்தபோது பெரியவர்கள் வாயடைத்துப் போனார்கள். இடைப்பட்ட காலத்தில் தெற்கு மிசிசிப்பியில் ஐக் ஜிமர்மன் என்பவரிடம் அவர் கற்றுக்கொண்டிருந்தார். யார் தூக்கத்தையும் கெடுக்காதிருக்க இருவரும் இரவில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து பழகினார்கள் என்று ஜிமர்மன் குடும்பத்தார் நினைவுகூர்ந்தார்கள். கல்லறை உண்டு, இரவு உண்டு. சாத்தான் மட்டும் இல்லை. அவருடைய பாட்டுகளே இன்னொரு சாட்சி. ‘32-20 ப்ளூஸ்’ ஸ்கிப் ஜேம்ஸின் பாட்டிலிருந்தும், ‘ஸ்வீட் ஹோம் சிகாகோ’ கோகோமோ ஆர்னால்டின் பாட்டிலிருந்தும், ‘வாக்கிங் ப்ளூஸ்’ சன் ஹவுஸிடமிருந்தும் வந்தவை. இசைத்தட்டைக் கேட்டுக் கற்ற முதல் தலைமுறை அவருடையது; கேட்டதையெல்லாம் ஒரு கிட்டாருக்குள் அடக்கி, கீழ்த்தந்திகளில் பியானோவின் இடக்கையையும் மேல்தந்திகளில் பாட்டையும் ஒன்றாக நடத்தியது அவருடைய தனிச்சாதனை. ‘கிராஸ் ரோட் ப்ளூஸ்’ பாட்டில் அவர் கடவுளிடம் இரக்கம் கேட்கிறார், பொழுது சாய்வதற்குள் ஏதாவது வண்டி நிற்காதா என்று கைகாட்டுகிறார். இருட்டிய பிறகு கறுப்பின இளைஞர் ஒருவர் தெரியாத ஊரில் தனியாக நிற்பதன் அச்சம் அது. அதற்குச் சாத்தான் தேவையில்லை.

சாத்தான் கதையில் எனக்குள்ள குறை அது பொய் என்பதல்ல. ஒருவர் பட்ட பாட்டையும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் பெயர்களையும் அது ஒரே மூச்சில் அழித்துவிடுகிறது.

அவர் மொத்தம் 29 பாட்டுகளைப் பதிந்தார்: 1936 நவம்பரில் சான் அன்டோனியோவில், 1937 ஜூனில் டாலஸில். 1938 ஆகஸ்ட் 16 அன்று கிரீன்வுட் அருகே 27 வயதில் இறந்தார். நஞ்சூட்டினார்கள் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கதை, நிறுவப்பட்டதல்ல. அதே டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் நடக்கவிருந்த நிகழ்ச்சிக்கு அவரைத் தேடிய இசைத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட், மரணச் செய்தி அறிந்து, மேடையில் அவருடைய இசைத்தட்டுகளை ஓடவிட்டார். 1961-இல் அவருடைய பாட்டுகள் நெடுந்தட்டாக வந்தன. இங்கிலாந்தில் அந்தத் தட்டைத் தேயத் தேயக் கேட்ட இளைஞர்களில், பின்னாளில் ராக் கிட்டார்க் கலைஞர்களாகப் புகழ்பெற்ற எரிக் கிளாப்டனும் கீத் ரிச்சர்ட்ஸும் உண்டு. 1990-இல் வந்த முழுத்தொகுப்பு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. கல்லறை என்று மூன்று இடங்களில் கல் நாட்டியிருக்கிறார்கள்.

கிராமத்துக் கிட்டார் எப்படி மின்கிட்டார் ஆனது? மடி வாட்டர்ஸின் பங்கு என்ன?

1941 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஆலன் லோமாக்ஸும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் பதிவுக்கருவியோடு கிளார்க்ஸ்டேல் வட்டாரத்துக்குப் போனார்கள். ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மெக்கின்லி மார்கன்ஃபீல்ட் என்ற இளைஞர் அவர்களுக்காகப் பாடினார். சில மாதங்களில் தட்டின் இரண்டு பிரதிகளும் இருபது டாலர் காசோலையும் அவருக்கு வந்தன. தன் குரலை முதன்முதலாக வெளியிலிருந்து கேட்டபோது, தன்னாலும் முடியும் என்று தோன்றியதாக அவர் பின்னாளில் சொன்னார். 1943-இல் ரயிலேறிச் சிகாகோ போனார். தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்கு 1910-க்கும் 1970-க்கும் இடையே குடிபெயர்ந்த ஏறத்தாழ அறுபது லட்சம் கறுப்பின மக்களில் அவரும் ஒருவர்; அவருடைய பாட்டைக் கேட்கக் காத்திருந்தவர்களும் அதே ரயிலில் வந்தவர்கள்.

சிகாகோ மதுக்கடையின் கூச்சலில் மரக்கிட்டார் எடுபடவில்லை. மின்கிட்டாருக்கு மாறியதற்குக் காரணம் அவ்வளவுதான்; கொள்கை ஏதும் இல்லை. ஆனால் ஒலியைப் பெருக்கியதும் இசையே வேறாகிவிட்டது. டெல்டாவில் கற்ற அதே இழைப்பு, இப்போது வாள் அறுப்பதுபோல் கேட்டது. 1948-இல் ‘ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்’ பாட்டைப் பதிந்த லெனர்ட் செஸ், போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தவர், பாடுவது என்ன என்றே தனக்குப் புரியவில்லை என்று அலுத்துக்கொண்டாராம்; தட்டோ கடைக்கு வந்தவுடனே தீர்ந்துபோனது. அடுத்த சில ஆண்டுகளில் மடி அமைத்த குழு, அதாவது இரண்டு மின்கிட்டார், பியானோ, டிரம்ஸ், கூடவே ஒலிவாங்கியைக் கைக்குள் பொத்தி ஆம்ப்ளிஃபயர் வழியாக மவுத் ஆர்கனைச் சாக்ஸஃபோன்போல முழங்கவைத்த லிட்டில் வால்டர், இன்றைய ராக் குழுவின் வார்ப்பு. அவருடைய 1950-ஆம் ஆண்டுப் பாட்டு ‘ரோலிங் ஸ்டோன்’ ஓர் இங்கிலாந்துக் குழுவுக்குப் பெயராயிற்று. 1983-இல் மடி மறைந்தார்.

ஹவ்லின் உல்ஃபும் வில்லி டிக்சனும் யார்?

லெனர்ட் செஸ் நடத்திய செஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் மற்ற இரு தூண்கள். உல்ஃபின் இயற்பெயர் செஸ்டர் பர்னெட். ஆறடிக்கு மேல் உயரம், மலைபோன்ற உடல், சரளைக்கல்லை அரைப்பது போன்ற குரல். 1951-இல் மெம்ஃபிஸில் அவரைப் பதிந்தவர், பின்னர் எல்விஸ் பிரெஸ்லியைக் கண்டெடுத்த சாம் பிலிப்ஸ். மேடையில் தவழ்ந்து ஊளையிட்ட அந்த மனிதர், மேடைக்கு வெளியே குழுவினருக்குச் சம்பளத்தை நாள் தவறாமல் கொடுத்து, வேலையின்மைக் காப்பீட்டுக்கும் பணம் கட்டியவர். நடுவயதில் வகுப்பில் உட்கார்ந்து எழுதப்படிக்கக் கற்றவர். டிக்சன் பாஸ் வாசித்தவர், அதைவிடப் பெரிதாகப் பாட்டெழுதியவர். ‘ஹூச்சி கூச்சி மேன்’ மடிக்கு, ‘ஸ்பூன்ஃபுல்’ உல்ஃபுக்கு என ஆளுக்கேற்றபடி தைத்துக் கொடுத்தார்.

பி. பி. கிங்கின் வாசிப்பில் அப்படி என்ன தனிச்சிறப்பு?

ஒரே ஒரு சுரம் கேட்டதும் வாசிப்பவர் அவர்தான் என்று தெரிந்துவிடும் என்பதே. மிசிசிப்பியில் 1925-இல் பிறந்து, டிராக்டர் ஓட்டி, மெம்ஃபிஸில் டபிள்யூடிஐஏ வானொலியில் அறிவிப்பாளராகப் ‘பீல் தெரு ப்ளூஸ் பையன்’ என்ற பொருள்படும் பட்டப்பெயர் பெற்றார். அதன் சுருக்கம்தான் பி. பி. அவருடைய தாய்வழி உறவினர் புக்கா ஒயிட், தந்திமேல் உலோகம் இழைத்து வாசிப்பவர். அது கிங்குக்குக் கைவரவில்லை. அந்த இழைப்பொலியை வெறும் விரலால் எட்ட முயன்றார்; இடக்கை விரலைத் தந்தியில் ஊன்றி வண்ணத்துப்பூச்சிபோல் நடுக்கும் அவருடைய முத்திரை அப்படிப் பிறந்தது. ஒற்றைத் தந்தியில் சொற்றொடர் பேசும் முறைக்கு டி-போன் வாக்கர் முன்னோடி. கிங் பாடும்போது வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார். இரண்டையும் சேர்த்துச் செய்யத் தனக்கு வராது என்று வெளிப்படையாகவே சொல்வார். அந்தக் குறையே அவருடைய இசைக்கு மூச்சுவிடும் இடத்தைக் கொடுத்தது.

1949 குளிர்காலத்தில் அர்கான்சா மாநிலத்தின் ட்விஸ்ட் என்ற ஊரில் அவர் வாசித்த கூடத்தில், குளிர்காய வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கலத்தை இருவர் சண்டையில் உருட்டிவிடக் கட்டடம் தீப்பற்றியது. வெளியே ஓடியவர், கிட்டாரை எடுக்க மறுபடியும் உள்ளே போனார். சண்டை லூசில் என்ற பெண்ணைப் பற்றியது என்று தெரிந்ததும், அந்த மடத்தனத்தை மறக்காதிருக்க அன்றுமுதல் தன் கிட்டார்கள் எல்லாவற்றுக்கும் லூசில் என்றே பெயரிட்டார். 1956-இல் மட்டும் 342 நிகழ்ச்சிகள். எண்பது வயதுக்குப் பிறகும் பயணம் நிற்கவில்லை. 2015 மே 14 அன்று மறைந்தார்.

கிட்டார் வாசித்த பெண்கள் இருந்தார்களா?

மெம்ஃபிஸ் மின்னி ஒருவரே போதும். 1929-இல் கணவர் கேன்சஸ் ஜோ மெக்காயுடன் அவர் பதிந்த, 1927 வெள்ளத்தைப் பற்றிய ‘வென் த லெவி பிரேக்ஸ்’ பாட்டை 1971-இல் லெட் செப்பலின் என்ற இங்கிலாந்து ராக் குழு உலகறியச் செய்தது. கிட்டார்ப் போட்டியில் அவர் தன்னைத் தோற்கடித்ததாக ப்ளூஸ் கலைஞர் பிக் பில் பிரூன்ஸியே எழுதினார். பிக் மாமா தார்ண்டன் 1952-இல் பாடிய ‘ஹவுண்ட் டாக்’ கறுப்பினத்தவர் இசைப்பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தும், இன்று அதைப் பிரெஸ்லியின் பாட்டு என்றே பலர் அறிவார்கள்.

மறக்கப்பட்ட கலைஞர்கள் மறுபடியும் எப்படிக் கிடைத்தார்கள்?

1920-களில் பாடிய பலர் 1960-களில் உயிரோடு இருந்தார்கள். அவர்களைத் தேடியவர்கள் பெரும்பாலும் பழைய தட்டு சேகரித்த வெள்ளை இளைஞர்கள். 1928-இல் சில பாட்டுகளைப் பதிந்துவிட்டு ஊர் திரும்பிய மிசிசிப்பி ஜான் ஹர்ட், ஒரு பாட்டில் தன் ஊர் அவலான் என்று சொல்லியிருந்தார். டாம் ஹாஸ்கின்ஸ் என்பவர் பழைய வரைபடத்தில் அந்த ஊரைத் தேடிப்பிடித்து 1963-இல் போனபோது, மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஹர்ட், தன்னைப் பிடிக்கக் காவல்துறைதான் வந்துவிட்டது என்று அஞ்சினார். அதே கோடையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில் பாடினார்; மூன்றே ஆண்டுகள் அந்தப் புகழை அனுபவித்து 1966-இல் காலமானார். சன் ஹவுஸ் 1964-இல் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் கிடைத்தார். கிட்டாரைத் தொட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய பழைய தட்டுகளை மனப்பாடமாக அறிந்த ஆலன் வில்சன் என்ற இருபது வயது இளைஞர் அவர் எதிரில் உட்கார்ந்து, அவருடைய பாட்டுகளை அவருக்கே வாசித்துக் காட்டி நினைவுபடுத்தினார். பேட்டனிடமிருந்து கைக்குக் கை வந்த பாடம் ஒருமுறை இப்படித் திசைமாறி, சீடரிடமிருந்து ஆசானுக்குப் போயிற்று.

ராக் இசை ப்ளூஸிலிருந்து எடுத்துக்கொண்டதற்கு உரியவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா?

சிலருக்கு, மிகத் தாமதமாக. 1954-இல் பிரெஸ்லியின் முதல் தட்டு, ஆர்தர் கிருடப் 1946-இல் பாடியது. கிருடப் பண்ணை வேலையும் கூலி வேலையும் செய்து, நியாயமான உரிமத்தொகையைப் பார்க்காமலே 1974-இல் இறந்தார். அக்கால ஒப்பந்தங்களில் பாட்டுக்குச் சில டாலர் ரொக்கமாகக் கொடுத்து, உரிமையைப் பதிப்பாளர் எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். மடியும் டிக்சனும் 1970-களில் தங்கள் பதிப்பாளர்மீது வழக்குத் தொடுத்தார்கள். ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டு தன்னுடையதிலிருந்து எடுத்தது என்று டிக்சன் 1985-இல் லெட் செப்பலின்மீது தொடுத்த வழக்கு 1987-இல் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது. கிடைத்த பணத்திலிருந்து பழைய கலைஞர்களுக்கு உரிமை மீட்டுத் தரும் அறக்கட்டளை ஒன்றை அவர் வளர்த்தார். செஸ் நிறுவனம் இயங்கிய சிகாகோ கட்டடத்தில் அது இன்றும் இருக்கிறது.

இங்கிலாந்து இளைஞர்களை ஒட்டுமொத்தமாகத் திருடர்கள் என்பதும் சரியல்ல. 1962 முதல் ஐரோப்பாவைச் சுற்றிவந்த ப்ளூஸ் விழாக்களில் இந்தக் கலைஞர்கள் சொந்த நாட்டில் கிடைக்காத மரியாதையைப் பெற்றார்கள். 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவை அமெரிக்கத் தொலைக்காட்சி அழைத்தபோது, உல்ஃபும் வந்தால்தான் வருவோம் என்று நிபந்தனை போட்டு, அவர் பாடும்போது காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். ஸ்கிப் ஜேம்ஸின் ஒரு பாட்டைக் கிரீம் என்ற இங்கிலாந்து ராக் குழு 1966-இல் பதிந்ததால் வந்த உரிமத்தொகை, புற்றுநோயோடு போராடிய அவருடைய கடைசி ஆண்டுகளுக்கு உதவியது.

கத்தியாலும் புட்டிக் கழுத்தாலும் கிட்டார் வாசிப்பதற்கும் நம் இசைக்கும் தொடர்பு உண்டா?

பிறப்பில் இல்லை, ஒலியில் உண்டு. தந்தியை விரலால் அழுத்தாமல் கண்ணாடி, உலோகம், எலும்பு ஏதாவது ஒன்றால் இழைக்கும்போது சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவிலுள்ள இடமெல்லாம் பாட்டாகிறது. நம் சித்திரவீணையும் தந்திமேல் உருளையை நகர்த்தி வாசிக்கும் கருவியே. சித்திரவீணை ரவிகிரணும் மோகன வீணை விஸ்வ மோகன் பட்டும் அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் தாஜ் மகாலுடன் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட ‘மும்தாஜ் மகால்’ தொகுப்பில் ராபர்ட் ஜான்சனின் பாட்டும் இருக்கிறது. கேட்டுப் பார்த்தால், எங்கே கமகம் முடிகிறது, எங்கே ப்ளூ நோட் தொடங்குகிறது என்று பிரிப்பது கடினம். இழைப்பின் உச்சம் என்று நான் கருதுவது, பார்வையற்ற பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927-இல் சொல்லே இல்லாமல் முனகிப் பாடிய ‘டார்க் வாஸ் த நைட்’. அவர் பக்திப் பாடகர். ப்ளூஸ் பாடுபவர் என்று அழைத்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றிய தங்கத்தட்டில் அந்தப் பதிவு உண்டு.

இன்று இந்த இசை உயிரோடு இருக்கிறதா?

இருக்கிறது, சிறிய கூட்டத்தோடு. 1936-இல் பிறந்த பட்டி கை சிகாகோவில் நடத்தும் அரங்கம் புகழ்பெற்றது. மடி ரயிலேறிய அதே கிளார்க்ஸ்டேலில் 1999-இல் பிறந்த கிறிஸ்டோன் ‘கிங்ஃபிஷ்’ இங்ரம் 2022-இல் கிராமி விருது பெற்றார்.

புதிதாகக் கேட்க விரும்புபவர் எங்கிருந்து தொடங்கலாம்?

வரலாற்று வரிசையில் தொடங்க வேண்டாம். பேட்டனின் தட்டை முதலில் போட்டால் இரைச்சல் துரத்திவிடும். 1964 நவம்பரில் சிகாகோ ரீகல் அரங்கில் பதிந்த பி. பி. கிங்கின் நேரடி நிகழ்ச்சியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் கூட்டம் கூவுவதைக் கேட்டாலே கேள்வி-பதில் என்ற அமைப்பு புரிந்துவிடும். அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள்: மடியின் 1950-களின் பதிவுகள், பெஸ்ஸி, ஜான்சன், சன் ஹவுஸ் 1930-இல் பாடிய ‘ப்ரீச்சின் த ப்ளூஸ்’, கடைசியாகப் பேட்டனின் ‘போனி ப்ளூஸ்’. நல்ல காதொலிப்பான் வேண்டும். முதல் முறை சொற்களைப் பிடிக்க முயலாமல், கட்டைவிரல் கீழ்த்தந்தியில் என்ன செய்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.